பெரியப்பாவின் கையும் வி.ஆர். கண்ணாடியும்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை பாதி இயங்காமல் போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் எட்டுப் படங்கள். கையை முன்னால் நீட்டுவது, பக்கவாட்டில் தூக்குவது, விரல்களை விரித்து மூடுவது என்று ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பெரியம்மா அதைக் காலண்டர் ஆணியில் செருகி வைத்தார். முதல் வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் வந்தபோது, "ஏங்க, இன்னிக்கு கை தூக்கினீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "தூக்கியாச்சு, தூக்கியாச்சு" என்று கூடத்திலிருந்து பதில் வரும். தூக்கியிருக்க மாட்டார்.

அவர் சோம்பேறி இல்லை. நாற்பது வருடம் லேத் பட்டறையில் நின்று வேலை பார்த்தவர். வெறுங்காற்றில் கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதில்தான் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஒருநாள் பேத்தி ஒரு பலூனைத் தட்டிவிட்டாள். அந்தக் கை தானாக எழுந்தது. கோணலாகத்தான் எழுந்தது, ஆனாலும் பலூனைத் தொட்டது. அவள் மறுபடி தட்டினாள், இவரும் மறுபடி கையை உயர்த்தினார். இருபது தடவைக்கு மேல் இருக்கும். யாரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

வி.ஆர். என்று சொல்லப்படும் மெய்நிகர் தொழில்நுட்பத்தை முதியவர்களின் மறுவாழ்வுப் பயிற்சியில் ஏன் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது அந்தப் பலூனால்தான். அதைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் கருவி. வி.ஆர். ஹெட்செட் என்பது கண்களை முழுக்க மூடிக்கொள்ளும் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இரண்டு லென்ஸ்கள், அவற்றுக்குப் பின்னால் திரை. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்ததுபோல் இன்னொரு படம். நம் இரண்டு கண்களும் உலகத்தை அப்படித்தான் பார்க்கின்றன. அதனால் மூளை இரண்டையும் சேர்த்து ஆழமும் தூரமும் உள்ள ஒரே காட்சியாக்கிவிடுகிறது. அடுத்தது தலையின் அசைவு. ஹெட்செட்டில் உள்ள சென்சார்களும் கேமராக்களும் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்பப் படம் நொடிக்கு 72 முறையோ 90 முறையோ புதிதாக வரையப்படும். நீங்கள் வலப்புறம் திரும்பினால் அந்த உலகத்தின் வலப்புறம் தெரியும். குனிந்தால் தரை தெரியும். சினிமா பார்க்கும்போது திரையின் ஓரம் எப்போதும் கண்ணில் படும். இதில் அந்த ஓரமே இல்லை. அதனால்தான் "பார்க்கிறேன்" என்ற உணர்வு போய் "இங்கே இருக்கிறேன்" என்ற உணர்வு வருகிறது.

1968-லேயே ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் இப்படி ஒன்றைச் செய்துகாட்டினார். அப்போது அதைக் கூரையிலிருந்து வந்த ஒரு அமைப்போடு இணைத்திருந்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட் சுமார் அரைக் கிலோ எடைதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிசியோதெரபி உலகத்தில் வி.ஆர். என்றால் எப்போதும் ஹெட்செட் என்று பொருள் இல்லை. எதிரே ஒரு பெரிய திரை, நோயாளியின் அசைவைப் படிக்கும் கேமரா, அந்த அசைவுக்குப் பதில் சொல்லும் ஒரு விளையாட்டு, இவை இருந்தாலும் அதை வி.ஆர். என்றே அழைக்கிறார்கள். 2006-இல் வந்த நின்டெண்டோ வீ, 2010-இல் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் ஆகிய இரண்டும் வீட்டில் வீடியோ கேம் விளையாட வந்தவை. ஆனால் அவை பிசியோதெரபி அறைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. முதியவர்களிடம் செய்யப்பட்ட முக்கியமான ஆய்வுகள் சில இந்தத் திரை வகையில்தான் நடந்தன.

சரி, ஒரு விளையாட்டால் உடம்பு எப்படித் தேறும்?

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி பழுதாகிறது. கையில் தசையும் எலும்பும் அப்படியேதான் இருக்கும். கட்டளை வரும் பாதைதான் அறுந்திருக்கும். மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பிழைத்திருக்கும் பகுதிகள் வழியாக மெல்ல மெல்லப் புதுப் பாதை போட அதனால் முடியும். மழைக்குப் பிறகு வயல்வெளியில் ஒற்றையடிப் பாதை மறுபடி உருவாவது போலத்தான். ஆள் நடந்தால்தான் பாதை விழும். ஒருநாள் நடந்தால் போதாது. ஒரே அசைவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை அமர்வுகளில் உட்கார்ந்து அசைவுகளை எண்ணினார்கள். 2009-இல் அந்தக் கணக்கு வெளியானது. ஒரு அமர்வில் கையால் ஒரு வேலையைச் செய்யும் அசைவுகள் சராசரியாக 32 முறைதான் நடந்தன. விலங்குகளில் செய்த சோதனைகளில் மூளை மாறுவதற்கு நாளுக்குப் பல நூறு முறை தேவைப்பட்டிருந்தது. நாம் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டிருப்பதற்கும் மூளை கேட்பதற்கும் அவ்வளவு இடைவெளி. இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்குக் காலண்டர் ஆணியில் தொங்கிய அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளில் தவறொன்றும் இல்லை. அந்தப் பத்தைக்கூட ஒரு மனிதரால் நாள்தோறும் தனியாகச் செய்துகொண்டிருக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

நாட்டு மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். வேலை செய்வது சூரணம், தொண்டையில் இறங்க வைப்பது தேன். மறுவாழ்வுப் பயிற்சியில் சூரணம் என்பது அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. வி.ஆர். அதற்குத் தேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், விளம்பரங்கள் சொல்வதில் எது சரி, எது மிகை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

இந்தத் தேன் மூன்று வழிகளில் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். முதலாவது கவனம். "தோளை உயர்த்துங்கள்" என்றால் மனம் முழுக்க அந்தத் தோளின் மீது, அதன் வலியின் மீது, அதன் இயலாமையின் மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. "அந்தப் பழத்தைப் பறியுங்கள்" என்றால் மனம் பழத்துக்குப் போய்விடுகிறது, தோள் அதன் பின்னால் வருகிறது. வலிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவரும் தீக்காயம் பட்டவர்களுக்காக ஸ்னோவேர்ல்ட் என்ற பனியுலகத்தை உருவாக்கினார்கள். நோயாளி அந்த உலகத்தில் பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனி உருண்டைகளை எறிந்துகொண்டிருப்பார். அப்போது காயத்துக்குச் சிகிச்சை நடக்கும். வலி குறைவாகத் தெரிந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். மூட்டு வலிக்குப் பயந்து காலை நீட்டாமல் இருக்கும் ஒரு பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கண் சொல்வதை மூளை நம்பிவிடுவது. இதைக் கணினி எதுவும் இல்லாமலே காட்டியவர் நம் ஊர்க்காரர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கை வலிப்பதுண்டு. அவர் 1990-களில் ஒரு பெட்டிக்குள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாகத் தெரியும். சிலருக்கு அந்த வலி தணிந்தது. பிறகு பக்கவாதத்தில் முடங்கிய கைக்கும் இந்தக் கண்ணாடி முறையைப் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். வி.ஆர். இதையே இன்னும் தாராளமாகச் செய்ய முடியும். உண்மைக் கை நான்கு விரற்கடை அசைந்தால், திரையில் தெரியும் கை ஒரு முழம் அசைவதாகக் காட்டலாம். பல வாரமாக அசையாத கை நீள்வதைக் கண்ணால் பார்ப்பது ஒருவருக்கு எவ்வளவு தெம்பு கொடுக்கும்!

மூன்றாவது, அளவு. நல்ல பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் முகத்தைப் பார்த்தே சுமையைக் கூட்டிக் குறைப்பார். வி.ஆர். கருவியில் அந்த அளவை எண்ணாகவே வைக்கலாம். ஜப்பானின் ஒசாகாவில் உருவான மெடிவிஆர் காகுரா என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார். கண் முன்னால் மேலிருந்து ஒரு பொருள் இறங்கி வரும். அது வரும் இடத்துக்குக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அது எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் தீர்மானிக்கிறார். கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் அது கைப் பயிற்சி. கொஞ்சம் தள்ளி வைத்தால் இடுப்பிலிருந்து சாய்ந்து, உடம்பின் பாரத்தை ஒரு பக்கம் மாற்றி, மறுபடி நிமிர வேண்டியிருக்கும். அப்போது அது சமநிலைப் பயிற்சியாகிவிடுகிறது. தடுமாறாமல் நடப்பதற்கு வேண்டியதில் பாதி இந்தச் சாய்வு நிமிர்வில்தான் இருக்கிறது. நாற்காலியில் இருப்பதால் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் குறைவு.

விழுவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். முதியவர் உள்ள வீட்டில் அடிமனத்தில் இருக்கும் பயமே அதுதான். இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கை, படுத்துவிட்டால் அப்புறம் எழுவது கஷ்டம்.

ஸ்வீடனில் 1997-இல் எளிமையான ஒரு கவனிப்பு வெளியானது. முதியோர் இல்லவாசிகளோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 58 பேரில் 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். இளவயதில் நடை என்பது தானாக நடக்கும் காரியம். வயதாக ஆக அதற்கு மூளையின் கவனமும் தேவைப்படுகிறது. நடந்துகொண்டே பேசுவது, பையில் சில்லறை தேடுவது, பின்னால் வரும் ஸ்கூட்டர் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பது என்று இன்னொரு வேலை சேர்ந்தால் காலுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் போய்விடுகிறது. கால் பலத்தை மட்டும் கூட்டினால் இந்தப் பிரச்சினை முழுக்கத் தீராது. நடந்துகொண்டே யோசிக்கவும் பழக்க வேண்டும். ஆனால் அதை உண்மையான தெருவில் பழக்கினால் ஆபத்து.

இங்கேதான் வி.ஆர். தன் முழுப் பலத்தையும் காட்டியது. இஸ்ரேலின் டெல் அவிவைச் சேர்ந்த அனத் மிரல்மன், ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் ஆகியோர் தலைமையில் பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 60 முதல் 90 வயது வரையிலான 302 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது விழுந்தவர்கள். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும் இருந்தார்கள், லேசான நினைவுக் குறைவு உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுமே டிரெட்மில்லில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 45 நிமிடம், ஆறு வாரம் நடந்தார்கள்.

ஒரு குழு வெறுமனே நடந்தது. இன்னொரு குழுவுக்கு எதிரே திரை. அதில் ஒரு பாதை. நடப்பவரின் பாதங்களைக் கேமரா படித்து அந்தப் பாதையில் காட்டும். வழியில் தடை வரும், காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். பாதை பிரியும், எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டும். கவனத்தைக் கலைக்கும் காட்சிகள் வரும். காலை உரிய நேரத்தில், உரிய உயரத்துக்குத் தூக்காவிட்டால் திரையிலுள்ள கால் தடையில் மோதும். உண்மைக் காலுக்கு ஒன்றும் ஆகாது. விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள உடம்பில் பட்டையும் கட்டியிருக்கும். தப்பு செய்து கற்றுக்கொள்ளும் வசதி நமக்குக் குழந்தைப் பருவத்தோடு போய்விடுகிறது. எழுபத்தைந்து வயதில் அது திரும்பக் கிடைக்கிறது!

முடிவு 2016-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. திரையோடு நடந்த குழுவில் ஆறு மாதத்துக்குச் சராசரியாக 11.9 ஆக இருந்த விழுகைகள், பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் 6.0 ஆகக் குறைந்தன. வெறுமனே நடந்த குழுவில் 10.7 என்பது 8.3 ஆனது. நடந்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான். திரை சேர்த்தது அந்த யோசிக்கும் வேலையைத்தான்.

இதைப் படித்ததும் ஹெட்செட் வாங்க ஓடிவிடாதீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2016-இல் கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த குஸ்தாவோ சாபோஸ்னிக் தலைமையில் ஒரு ஆய்வு வெளியானது. அண்மையில் பக்கவாதம் வந்த 141 பேர், நான்கு நாடுகளிலிருந்து. வழக்கமான சிகிச்சையோடு, பாதிப் பேருக்கு நின்டெண்டோ வீ விளையாட்டு. மீதிப் பேருக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டை அடுக்குவது போன்ற சாதாரண விளையாட்டுகள். இரண்டு வாரம் முடிந்து பார்த்தால் இரண்டு குழுவுமே தேறியிருந்தது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. சீட்டுக்கட்டு வீடியோ கேமுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. இந்த முடிவு எனக்குப் பெரிய நிம்மதி. காசு இல்லாத வீட்டிலும் பலூன் உண்டு, சீட்டுக்கட்டு உண்டு, பல்லாங்குழி உண்டு.

ஒரு சிகிச்சையைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் அமைப்பு காக்ரேன். பக்கவாதச் சிகிச்சையில் வி.ஆர். பற்றி 2017-இல் வெளியான அதன் தொகுப்பு 72 ஆய்வுகளை, மொத்தம் 2,470 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கையைப் பொறுத்தவரை, வழக்கமான சிகிச்சையை எடுத்துவிட்டு அதே நேரத்துக்கு வி.ஆர். கொடுத்தால் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேல் வி.ஆரையும் சேர்த்து, அதனால் பயிற்சி நேரம் கூடியபோது பலன் தெரிந்தது. அனுபானக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. சூரணத்தை விட்டுவிட்டுத் தேனை மட்டும் நக்கினால் நோய் தீராது.

பயிற்சிக்கு மனத்தை இழுப்பதில் நார்வேயிலிருந்து ஒரு நல்ல யோசனை வந்திருக்கிறது. பெர்கன் நகரத்தைச் சேர்ந்த மோட்டிடெக் என்ற நிறுவனம் முதியோர் இல்லங்களுக்கு மோட்டிவியூ என்ற ஏற்பாட்டைக் கொடுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் பெடல், முன்னால் ஒரு திரை. ஹெட்செட் இல்லை. அந்தத் திரையில் ஓடுவது அந்த முதியவருக்குப் பழக்கமான இடங்களில் சைக்கிளில் போனபடி எடுத்த வீடியோ, அதே தெருச் சத்தத்தோடு. தான் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடத் தெரு, கல்யாணம் நடந்த தேவாலயம் எல்லாம் கண் முன்னால் நகரும். நினைவு மங்கிய ஒருவருக்கு "பத்து நிமிஷம் மிதியுங்கள்" என்றால் எதற்கு என்று புரியாது. தன் ஊர்த் தெரு என்றால் அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று பார்ப்பதற்காகவே கால் சுற்றும். யாரோ வரைந்த கற்பனைக் காட்டைவிட நம் ஊர்க் கடைவீதிக்குத்தான் ஒரு முதியவரின் காலை அசைக்கும் சக்தி அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரியப்பாவின் முன்னால் லேத் பட்டறையின் கைப்பிடிச் சக்கரத்தைக் காட்டியிருந்தால் எத்தனை சுற்று சுற்றியிருப்பாரோ!

இனி, ஹெட்செட் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை.

சிலருக்கு ஹெட்செட் போட்டதும் குமட்டும், தலை சுற்றும். உள்காதில் நம் அசைவை அறியும் உறுப்பு இருக்கிறது. கண் "நகர்கிறேன்" என்று சொல்லும்போது அந்த உறுப்பு "உட்கார்ந்துதானே இருக்கிறாய்" என்று சொன்னால் மூளை குழம்பிவிடுகிறது. மலைப்பாதையில் பேருந்தில் வாந்தி வருவதற்கும் இதே முரண்தான் காரணம், அங்கே நேர்மாறாக நடக்கிறது. அதனால் முதியவர்களுக்கு, நம்மை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவது போன்ற காட்சி வேண்டாம். நாம் ஒரே இடத்தில் இருக்க, பொருள்கள் நம்மை நோக்கி வரும் காட்சிதான் நல்லது. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும், அதுவும் உட்கார்ந்தபடி. குமட்டல் தொடங்கினால் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று தொடரக் கூடாது, உடனே கழற்றிவிட வேண்டும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். அரைக் கிலோ என்பது கையில் லேசு, நெற்றியில் கட்டினால் எண்பது வயதுக் கழுத்துக்குப் பாரம். மூக்குக் கண்ணாடி ஹெட்செட்டுக்குள் அடங்குகிறதா, காது கேட்கும் கருவியில் பட்டை உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் இவற்றால் முதல் நாளே வெறுத்து ஒதுக்கிவிடும் முதியவர்கள் உண்டு. நினைவுக் குறைவு உள்ளவர்களுக்குத் திடீரென்று கண்ணை மூடினால் பயம் வரும். அவர்களுக்குத் திரை வகையே நல்லது.

நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது. முழங்கையும் முழங்காலும் இடிக்கும் தூரத்தில் டீப்பாயோ சுவரோ இருக்கக் கூடாது. யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், நோயாளி பார்ப்பதைக் கைபேசியிலோ டேப்லெட்டிலோ தானும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் "இடது பக்கம் பாருங்க, இன்னொன்னு வருது" என்று பேச்சுக் கொடுக்க முடியும். அந்தப் பேச்சுக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு.

வி.ஆர். வசதி உள்ள பிசியோதெரபி மையத்துக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விளையாட்டு எந்த அசைவுக்காக? ஒரு அமர்வில் அந்த அசைவு எத்தனை முறை நடக்கிறது? இது வழக்கமான பயிற்சிக்கு மேலே கூடுதலா, அல்லது அதற்குப் பதிலா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் தைரியமாகப் பெரியவரை ஒப்படைக்கலாம். அப்புறம், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மையத்துக்குப் போகாத நாளில் வீட்டில் என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெட்செட்டைக் கழற்றியவுடன் பெரியவரை எழுப்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். அறையைச் சுற்றி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையைப் பிடித்து எழுப்புங்கள்.